நூற்றுக்கு நூறு தீர்த்தம்

வியாழக்கிழமை மாலையானால் கிள்ளானில் ஒரு டயர் கடையின் மாடிக்கு ஏறுவதற்காக மக்கள் வரிசையில் நின்றார்கள். வரிசை படிக்கட்டில் தொடங்கி, டயர் கடையைத் தாண்டி, ரொட்டி சானாய்க் கடையைத் தாண்டி, சமிக்ஞை விளக்கு வரைக்கும் போகும். சாலையோரத்தில் ஒரு காருக்குப் பக்கத்தில் இன்னொரு கார், அதற்குப் பக்கத்தில் மூன்றாவது கார். முதல் வாரம் சம்மன் எழுத வந்த போலீஸ்காரர், மூன்றாவது வாரம் தன் அண்ணன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்து வரிசையில் நின்றதாகக் கேள்வி. கீழே டயருக்குக் காற்றடித்தார்கள். மேலே மனிதர்களுக்கு.

மாடியில் இருந்தது போதை விமோசன பீடம். வாசலில் ஆளுயர விளம்பரத் துணி. ‘ஹெராயின், சியாபு, கஞ்சா, சாராயம், சிகரெட், எதுவானாலும் நாற்பத்தெட்டே நாளில் விடுதலை. வெற்றி நூற்றுக்கு நூறு. இதுவரை விடுதலை பெற்றோர் 971.’ அந்த எண்ணை மட்டும் வாரா வாரம் மாற்றி ஒட்டினார்கள். பெட்ரோல் விலைப் பலகைபோல. ஆனால் இது இறங்கியதே இல்லை.

பீடாதிபதி விமோசனானந்த சுவாமிகள் முன்னொரு காலத்தில் வீடு வீடாகத் தண்ணீர் வடிகட்டி விற்றவர். தண்ணீரை வடிகட்டுவதைவிட மனிதர்களை வடிகட்டுவது சுலபம் என்று எப்போதோ கண்டுகொண்டார். வெள்ளை வேனில் வந்து இறங்குவார். நடுக்கூடத்தில் ஒரு பெரிய எவர்சில்வர் டிரம் இருக்கும். அதற்குள் பச்சையும் பழுப்புமாகத் தீர்த்தம். சாமி அதன்மேல் கையை விரித்து, கண்ணை மூடி, உதட்டை அசைப்பார். பிறகு ஆளுக்கு ஒரு டம்ளர். குடித்தவர்கள் கால் மணி நேரத்தில் சாந்தமாகிவிடுவார்கள். கையைக் காலை உதைத்துக்கொண்டு வந்த பையன்கள் சுவரில் சாய்ந்து புன்னகை செய்வார்கள். தாய்மார்கள் அழுதுகொண்டே உண்டியலில் மோதிரத்தைக் கழற்றிப் போடுவார்கள்.

"தண்ணி வெறும் குழாய்த் தண்ணி. கொஞ்சம் வேப்பிலை, கொஞ்சம் துளசி. மருந்து தண்ணியில இல்ல, மந்திரத்துல இருக்கு" என்று சாமி ஒவ்வொரு வாரமும் ஒலிபெருக்கியில் சொல்வார். அடக்கத்தினால் சொன்னதாகப் பக்தர்கள் நினைத்தார்கள். ஒரு தடவை சுகாதார இலாகாவிலிருந்து ஒருவர் வந்து, என்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்று விசாரித்துவிட்டுப் போயிருந்தார். மருந்து விற்க உரிமம் வேண்டும். மந்திரத்துக்கு எந்த இலாகாவும் உரிமம் கேட்பதில்லை.

இந்தப் பீடத்தில் தீர்த்தக் கமிட்டித் தலைவராக இருந்தவர் ரெங்கசாமி. எளிதில் ஏமாறுகிற ஆள் இல்லை. அப்படித்தான் அவரே பல பேரிடம் சொல்லியிருக்கிறார். முப்பத்தெட்டு வருடம் ரயில்வேயில் வேலை பார்த்து, ஸ்டேஷன் மாஸ்டராக ஓய்வு பெற்றவர். கள்ளு, சாராயம், சிகரெட் எதையும் தொட்டதில்லை. வெற்றிலைகூடப் போட்டதில்லை. கல்யாண வீட்டில் பீர் போத்தல் வைத்திருக்கும் மேசைக்குப் பக்கத்து மேசையில்கூட உட்கார மாட்டார்.

அப்படிப்பட்டவருக்கு ஒரே மகன், தனேஷ். முப்பத்தொரு வயது. போர்ட் கிள்ளானில் கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிப்ட் ஓட்டினான். இரவு ஷிப்டில் பழகிய ஹெராயின் ஆறு வருடம் அவனை ஓட்டியது. வேலை போய், உடம்பு போய், கடைசியில் தானாகவே அரசாங்க கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்தான். எட்டு மாதமாக ஒவ்வொரு நாளும் காலையில் கொமுட்டர் ரயிலில் போய், மிஸ்ஸி என்று எல்லாரும் அழைக்கும் தாதி முன்னால் நின்று, ஹெராயின் ஏக்கத்தை அடக்கும் மெத்தடோன் சிரப்பைக் குடித்துவிட்டு வருகிறான். திரும்பவும் ஒரு கிடங்கில் அரை நாள் வேலை கிடைத்திருந்தது. எடை கூடியிருந்தது. அம்மாவிடம் சிரித்துப் பேசினான்.

ரெங்கசாமிக்கு அது போதவில்லை. "ஒரு போதைய விட்டுட்டு இன்னொரு போதைய குடிக்கிறான். சிரப்புல வந்தா அது போதையில்லாம போயிடுமா?" என்பார்.

அதனால் எந்த இடம் நல்ல இடம் என்று ஒப்பிட்டுப் பார்க்கக் கிளம்பினார். நோட்டில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டார். இடம், காலம், என்ன கொடுக்கிறார்கள், எத்தனை பேர் குணமானார்கள். முதலில் மகன் போகும் கிளினிக். அங்கே எவலின் என்ற மிஸ்ஸி இருந்தார். கண்ணாடி போட்ட, அவசரப்படாத பெண்.

"எத்தன பேரு குணமாயிருக்காங்க?" என்று கேட்டார் ரெங்கசாமி.

"குணம்னு நாங்க சொல்றதில்ல அங்கிள். போன வருசம் சேர்ந்த இருபது பேர்ல பதிமூணு பேரு ஒழுங்கா வராங்க, வேலைக்குப் போறாங்க. நாலு பேரு மறுபடியும் விழுந்து, மறுபடியும் வந்திருக்காங்க. ஒருத்தர் இறந்துட்டாரு. ரெண்டு பேரக் காணோம், தேடிக்கிட்டிருக்கோம்."

ரெங்கசாமி நோட்டில் எழுதினார்: 65 மார்க். சுமார்.

அடுத்து செந்தூலில் ஹென்றி என்ற பாஸ்டர் நடத்தும் இல்லம். பாஸ்டர் பெருமூச்சு விட்டார். "பன்னெண்டு பேரு சார். அஞ்சு பேரு நல்லா இருக்காங்க. மூணு பேரு சுவரேறிக் குதிச்சு ஓடிட்டாங்க. மத்த நாலு பேரு போராடிக்கிட்டிருக்காங்க."

42 மார்க். பெயில்.

மூன்றாவது விமோசன பீடம். நூற்றுக்கு நூறு.

உண்மையைச் சொன்ன இரண்டு பேரும் தோற்றார்கள். உலகத்தில் எந்த ரயில்வேயிலும் நூற்றுக்கு நூறு ரயில் நேரத்துக்கு வந்ததில்லை என்பது முப்பத்தெட்டு வருட அனுபவசாலிக்கு நினைவு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அவர் தனேஷைப் பீடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். அவனுக்கு ஒரு டம்ளர் தந்தார்கள். ஒரு வாய் குடித்தான். பக்கத்திலிருந்த பூந்தொட்டியில் துப்பினான்.

"அப்பா, இது கெத்தும் தண்ணிப்பா."

"என்னடா உளர்ற?"

"கெத்தும் இலை. வடக்குப் பக்கம் மரமா நிக்கும். வேகவச்சுக் குடிச்சா வலி தெரியாது, தெம்பா இருக்கும். அப்புறம் அது இல்லாம இருக்க முடியாது. சாமான் கெடைக்காத நாள்ல இதக் குடிச்சுத்தான் நாங்க சமாளிப்போம். அதனாலதான் இங்க எல்லாரும் சாந்தமா உக்காந்திருக்காங்க."

அந்தக் கூடத்தில் இந்த விஷயத்தில் படித்துத் தேர்ந்த நிபுணர் என்றால் அவன் ஒருவன்தான். அதனால் ஒருவரும் அவனை நம்பவில்லை. பீடத்தின் செயலாளர் பரமேஸ்வரன், மைக்கும் கையுமாக எப்போதும் நிற்பவர், மெல்லச் சிரித்தார்.

"பாத்தீங்களாண்ணே, உள்ள இருக்கற போதை பேசுது. வெளிய போகப் பயப்படுது."

குடித்தால் மந்திரம் வேலை செய்கிறது என்று அர்த்தம். துப்பினால் இன்னும் பலமாக வேலை செய்கிறது என்று அர்த்தம். இப்படி ஒரு தேர்வு பள்ளிக்கூடத்தில் இருந்திருந்தால் நாமெல்லோரும் டாக்டர்.

மகன் செய்த அவமரியாதைக்கு ஈடாக, மிச்சத் தீர்த்தத்தை ரெங்கசாமி தானே குடித்தார். வீட்டுக்கு வந்து படியேறும்போதுதான் கவனித்தார். பத்து வருடமாக வலித்த முழங்கால் வலிக்கவில்லை.

அன்றோடு அவர் பீடத்தின் ஆளானார். காலை ஒரு டம்ளர், மத்தியானம் ஒன்று, மாலை ஒன்று. விடிவதற்குள் போய்க் கூடம் முழுக்கத் தனி ஆளாகக் கூட்டிக் கழுவினார். அறுபத்தாறு வயதில் டிரம்மைத் தூக்கினார். உள்ளே ஓர் ஆனந்தம் பொங்குகிறது என்றும், இதுதான் பக்தி என்றும் மனைவியிடம் சொன்னார். அவரைப் பார்த்து மற்ற ஓய்வூதியக்காரர்களும் வந்தார்கள். இடுப்பு வலிக்காரர், தூக்கம் வராதவர், மருமகளோடு ஒத்துவராத அமுதவள்ளி. வாழ்க்கையில் ஒரு போதையும் இல்லாதவர்களுக்கெல்லாம் போதை தெளிந்தது.

சில சில்லறைத் தொந்தரவுகளும் இருந்தன. ரெங்கசாமிக்கு நான்கு நாளுக்கு ஒரு முறைதான் வயிறு போனது. மனைவி குமுதா பாசாரிலிருந்து பப்பாளியாக வாங்கி வந்து வெட்டிக் கொடுத்தார். கன்னம் இரண்டும் கறுத்தன. அது தேஜஸ் என்றார் பரமேஸ்வரன்.

குமுதா மட்டும் தீர்த்தத்தைத் தொடவில்லை. "காலையில சுகர் மாத்திர, ராத்திரி பிரஷர் மாத்திர. இதுல உங்க கசாயம் வேறயா" என்றுவிட்டார். ஆனால் பஜனைக்குப் போவார். கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதே மந்திரத்தை அதே தூரத்திலிருந்து கேட்பார். அங்கே மின்விசிறி நன்றாகச் சுற்றும்.

இப்படியே நான்கு மாதம் போயிற்று. பலகையில் எண் 1007க்கு வந்தது. ஆயிரத்தெட்டாவது ஆளை மேடையில் ஏற்றிப் பெரிய விழா எடுக்கச் சாமி முடிவு செய்தார். ரெங்கசாமியின் சேவையை மெச்சி, அந்த இடத்தைத் தனேஷுக்கு அருளினார். ஒரே நிபந்தனை, விழா நாளிலிருந்து கிளினிக் மருந்தை அவன் நிறுத்த வேண்டும்.

அன்று சாப்பாட்டு மேசையில் ரெங்கசாமி விஷயத்தைச் சொன்னார். தனேஷ் தட்டிலிருந்து கையை எடுத்தான்.

"அப்பா, அத திடீர்னு நிறுத்தினா நான் ரெண்டு வாரம் தாங்க மாட்டேன். மறுபடியும் சாமானத் தேடித்தான் போவேன். இந்தத் தடவ உடம்பு பழைய அளவத் தாங்காது. செத்துருவேன்பா."

"ஆயிரத்தேழு பேரு சாகலியே."

"அவங்கள்லாம் எங்க இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

ரெங்கசாமிக்குக் கோபம் வந்தது. "சாமியா, கிளினிக்கா, நீயே முடிவு பண்ணிக்க. கிளினிக்னா இந்த வீட்டுல உனக்கு எடமில்ல."

குமுதா கரண்டியைக் குழம்புக்குள்ளேயே விட்டுவிட்டு எழுந்து போனார். மறுநாள் தனேஷ் இரண்டு சட்டையை எடுத்துக்கொண்டு நண்பன் அறைக்குப் போய்விட்டான்.

விழா வியாழக்கிழமை மாலை என்று முடிவாகியிருந்தது. அதற்கு முன்பு ஜொகூரில் கிளை திறக்கவேண்டும் என்று ஞாயிறு இரவே சாமியும் பரமேஸ்வரனும் புறப்பட்டார்கள். தீர்த்தத்துக்கான சரக்கு இருந்த பண்டக அறைச் சாவியும் அவர்களோடு போயிற்று. பீடம் பூட்டிக் கிடந்தது.

திங்கள் ஒரு மாதிரி கழிந்தது. செவ்வாய்க்கிழமை ரெங்கசாமி கொட்டாவி விட்டார். பிறகு இன்னொன்று. தாடை வலிக்கிற அளவுக்குக் கொட்டாவி. மூக்கு ஒழுகியது. கண்ணில் காரணமில்லாமல் நீர். முழங்கால் வலி பத்து வருட வட்டியோடு திரும்பி வந்தது. புதன்கிழமை கால்கள் தம் பாட்டுக்கு உதைத்துக்கொண்டன. நான்கு நாளுக்கு ஒரு முறை போன வயிறு ஒரு மணி நேரத்துக்கு நான்கு முறை போயிற்று. தொலைக்காட்சியில் செய்தி வாசித்த பெண்ணைத் திட்டினார். பப்பாளியைத் திட்டினார்.

"காய்ச்சல்" என்றார் குமுதா. அமுதவள்ளிக்குப் போன் செய்தார். அவருக்கும் அதே காய்ச்சல். இடுப்பு வலிக்காரருக்கும். கமிட்டி முழுக்க ஒரே காய்ச்சல்.

அம்மா கூப்பிட்டு தனேஷ் வந்தான். வாசலிலேயே நின்று அப்பாவைப் பார்த்தான். புறங்கையில் மயிர் குத்திட்டு நின்றதைப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உதைத்துக்கொண்டிருந்த காலை அமுக்கிவிட்டான்.

"அப்பா, இது காய்ச்சல் இல்ல. கியான்."

போதைக்காரர்களுக்குச் சரக்கு கிடைக்காதபோது வருகிற தவிப்புக்கு இந்த நாட்டில் எல்லா இனத்தாரும் சொல்கிற பெயர் அது. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவருக்கு அந்தச் சொல் தெரியும். நடைமேடையில் அப்படிக் கிடந்தவர்களைப் பிரம்பால் தட்டி எழுப்பியிருக்கிறார்.

"யாரப் பாத்துடா சொல்ற? நான் கள்ளுக்கடை வாசல்லகூட நின்னதில்ல."

"கள்ளுக்கடையில போர்டு இருக்கும்பா. உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுதான் போவோம்."

மறுநாள் காலை மகன் தன் மருந்துக்குப் போனபோது அப்பாவையும் கூட்டிப்போனான். மிஸ்ஸி எவலின் கண்ணையும் நாடியையும் பார்த்தார்.

"அங்கிள், நீங்க குடிச்சதுல என்ன இருக்குன்னு அங்க யாராச்சும் சொன்னாங்களா?"

"மந்திரம்."

"உங்க மகன் குடிக்கறதுல என்ன இருக்கு, எத்தன மில்லி, எப்பக் கொறைக்கணும், எல்லாம் இங்க எழுதியிருக்கு. வித்தியாசம் அவ்வளவுதான்."

"இருந்தாலும் அங்க நூத்துக்கு நூறு."

"வராம போனவங்களோட பேர அவங்க எங்க எழுதறாங்க?"

ரெங்கசாமி பதில் சொல்ல வாயைத் திறந்தார். கொட்டாவி வந்தது. பீடத்துப் பெயரேடு அவர் பொறுப்பில்தான் இருந்தது. நாற்பத்தெட்டு நாளுக்குள் வராமல் நின்றவர்களைக் ‘கர்மம் கழியாதவர்’ என்று ஏட்டிலிருந்து அடித்துவிட வேண்டும் என்பது விதி. அடித்த பிறகு அவர்கள் கணக்கிலேயே இல்லை. மிச்சமிருப்பவர்களில் நூற்றுக்கு நூறு. தன் கையால்தான் அடித்தார். ஸ்கேல் வைத்து.

"நாலஞ்சு நாள்ல அடங்கிடும். தண்ணி நெறையக் குடிங்க. முடியலன்னா எந்நேரமும் வாங்க" என்றார் எவலின்.

வெளியே வந்ததும் ரெங்கசாமி பிடிவாதமாகச் சொன்னார்: "காய்ச்சலாவும் இருக்கலாம்."

"இருக்கலாம். சோதிச்சுப் பாத்துருவோம்" என்றான் தனேஷ். "சாமிதானே சொல்றாரு, தண்ணி வெறும் தண்ணி, மந்திரந்தான் மருந்துன்னு. அப்பத் தண்ணிய மாத்துவோம். அம்மா பாகக்காய்ச் சாறு புழிஞ்சு தரட்டும். சாமி அதுக்கு மந்திரம் போடட்டும். நீங்க குடிங்க. உங்க ஒடம்பு சரியாயிட்டா, நாளையிலருந்து நான் கிளினிக்குக்கு வரல."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவன் குரலில் நடுக்கமில்லை. ரெங்கசாமிதான் இன்னொரு முறை ‘சத்தியமா?’ என்று கேட்டார்.

மாலையில் டயர் கடைக்குப் பின்னாலிருந்த காலியிடத்தில் கூடாரம் போட்டு, நானூறு நாற்காலி போட்டிருந்தார்கள். சாமி நான்கு மணிக்குத்தான் வந்து சேர்ந்திருந்தார். அவசரமாகக் காய்ச்சிய தீர்த்தம் டிரம்மில் ஆவி பறக்க மேடையில் இருந்தது. இன்னும் மந்திரம் போடவில்லை. முன்வரிசையில் கமிட்டி. ஒவ்வொரு கையிலும் கைக்குட்டை. யாராவது ஒருவர் கொட்டாவி விட்டால் வரிசை முழுக்க அது பரவியது. எல்லாருடைய கண்ணும் டிரம் மேலேயே இருந்தது. தாய்மையோடு அப்படிப் பார்ப்பவர்களைப் பிள்ளைத்தொட்டிலுக்குப் பக்கத்தில்தான் காண முடியும்.

பரமேஸ்வரன் ரெங்கசாமியைப் பேச அழைத்தார். அவர் குமுதா கொடுத்த தூக்குச்சட்டியோடு மேடையேறினார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். அது ஒலிபெருக்கியில் நன்றாகக் கேட்டது.

"என் மகன், தண்ணியிலதான் ஏதோ இருக்குன்னு சொல்றான். சாமி மந்திரந்தான் மருந்துன்னு சொல்றாரு. எனக்குச் சாமி மேல நம்பிக்கை இருக்கு. அதனால எல்லார் முன்னாடியும் நிரூபிச்சிரலாம். இது என் வீட்டுக்காரி புழிஞ்ச பாகக்காய்ச் சாறு. சாமி இதுக்கு மந்திரம் போடணும்."

கூட்டம் கைதட்டியது. சாமி தட்டவில்லை. ஆனால் வாரா வாரம் ஒலிபெருக்கியில் சொன்னதை இப்போது மாற்ற வழியில்லை. தூக்குச்சட்டிமேல் கையை விரித்தார். வழக்கமாக இரண்டு நிமிடம் போடுகிற மந்திரத்தை அன்று பன்னிரண்டு நிமிடம் போட்டார். ரெங்கசாமி ஒரே மடக்கில் குடித்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்துப் பழகிய கண்ணால் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கால் மணி நேரம். கொட்டாவி. அரை மணி நேரம். கால் உதைத்ததில் மேடைப் பலகை தடதடத்தது. மைக் அதையும் ஊருக்குச் சொன்னது.

முன்வரிசையில் அமுதவள்ளி எழுந்தார். "சோதனையெல்லாம் அப்புறம் வச்சிக்கலாம். மொதல்ல தீர்த்தத்தக் குடுங்க."

"ஆமா, குடுங்க லா" என்றார் இடுப்பு வலிக்காரர். ஒழுக்கத்துக்குப் பேர்போன ஒன்பது பெரியவர்கள் டம்ளரோடு மேடைப் படிக்கட்டில் முட்டி மோதினார்கள்.

சாமி மைக்கை வாங்கினார். "சந்தேகப்படறவன் முன்னாடி சக்தி வேலை செய்யாது."

"சிக்னல தெனமும் நான் சந்தேகப்பட்டுத்தான் சோதிச்சேன் சாமி" என்றார் ரெங்கசாமி. "முப்பத்தெட்டு வருசம் வேல செஞ்சுது."

இப்போது தனேஷ் மேடையேறினான். டிரம்மிலிருந்து ஒரு டம்ளர் மொண்டான். "அப்பா, இதுக்கு இன்னும் மந்திரம் போடல. சாமி போட வேணாம். நீங்களே போடுங்க."

"எனக்கு என்னடா மந்திரம் தெரியும்?"

"மனப்பாடமா தெரிஞ்சது எதையாவது சொல்லுங்க."

ரெங்கசாமி யோசித்தார். டம்ளர்மேல் கையை விரித்தார். நடுங்கும் குரலில் தொடங்கினார். "பெலாபுஹான் கிள்ளான், ஜாலான் காஸ்தாம், கம்போங் ராஜா ஊடா, தெலுக் காடோங், தெலுக் பூலாய், கிள்ளான், புக்கிட் பாடாக்..."

கூட்டத்தில் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஷா ஆலாம் வந்தபோதுதான் அது கொமுட்டர் ரயில் நிறுத்தங்கள் என்று அவர்களுக்கு உறைத்தது. ரெங்கசாமி நிறுத்தவில்லை. ஒரு நிறுத்தத்தையும் விடாமல் கேஎல் சென்ட்ரல் வரை போய்ச் சேர்ந்துதான் டம்ளரை வாயில் வைத்தார்.

இருபது நிமிடம். கால் அடங்கியது. மூக்கு நின்றது. முழங்கால் வலி யாரோ குழாயை மூடினதுபோல் நின்றது. அந்த ஆனந்தம் உள்ளே பொங்கியது. நான்கு மாதமாக அவர் பக்தி என்று எண்ணியிருந்த அதே ஆனந்தம். அது வந்த பிறகுதான் ரெங்கசாமி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

கையை எடுத்தபோது மைக் எதிரில் இருந்தது. "சரியாயிடுச்சு" என்றார். "மந்திரமில்லாம சரியாயிடுச்சு. என் மகன் சொன்னது நெசம்."

பரமேஸ்வரன் லேசில் விடுகிறவரா? மைக்கைப் பறித்தார். "பக்தர்களே, ‘கிள்ளான்’ என்ற சொல்லுக்குள் ‘க்லீம்’ என்னும் பீஜாட்சரம் ஒளிந்திருக்கிறது. அதனால்தான்..." ஏழெட்டுப் பேர் அதற்கும் தலையாட்டினார்கள்.

"அப்பன்னா எங்கம்மாவுக்கு ஏன் இந்தக் காய்ச்சல் வரல?" என்று கேட்டான் தனேஷ். "அவங்களும் எல்லா வாரமும் அதே மந்திரத்தத்தான் கேட்டாங்க. அவங்க கேட்டதோட சரி, குடிக்கல."

எல்லாரும் குமுதாவைத் திரும்பிப் பார்த்தார்கள். குமுதா கச்சாங் பூத்தே கடலை கொறித்துக்கொண்டு, அந்தக் கூட்டத்திலேயே ஆரோக்கியமான ஆளாக உட்கார்ந்திருந்தார்.

தனேஷ் நீண்ட அகப்பையால் டிரம்மின் அடியைத் துழாவினான். வெள்ளைத் துணி மூட்டை ஒன்று மேலே வந்தது. அவிழ்த்துக் கவிழ்த்தான். வெந்த இலை குவியலாக விழுந்தது. வேப்பிலையும் இல்லை, துளசியும் இல்லை. உள்ளங்கையைவிட அகலமான இலை.

பின்வரிசையிலிருந்து ஒரு லோரி டிரைவர் எழுந்து வந்து ஒன்றை எடுத்து முகர்ந்தார். "இது கெத்தும் லா. கெடா பக்கம் லோரி ஓட்டறப்ப நானே குடிச்சிருக்கேன். விடறதுக்கு ரெண்டு வருசமாச்சு."

அதற்குப் பிறகு சாமி எந்தச் சக்தியையும் நம்பவில்லை. கால்களை நம்பினார். வெள்ளை வேன்வரை ஓடிச் சேர்ந்தார். ஆனால் அதைச் சுற்றி மூன்று அடுக்காகப் பக்தர்களின் கார்கள் நின்றன. ஹாரனை அழுத்தி அழுத்திப் பார்த்தார். ஒரு காரும் நகரவில்லை. போலீஸ் வரும்வரை வேனுக்குள்ளேயே ஏர்கண்டிஷனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பண்டக அறையைத் திறந்தபோது முப்பத்தொரு சாக்கு இலை இருந்தது.

அந்த ஒரு டம்ளருக்காக ரெங்கசாமி திரும்பவும் முதலிலிருந்து ஆறு நாள் தவித்தார். தனேஷ் வீட்டுக்குத் திரும்பி வந்து காலை அமுக்கிவிட்டான். ஏழாம் நாள் கொஞ்சம் தெளிந்ததும் மகனோடு கிளினிக்குக்குப் புறப்பட்டார். ரயிலில் மகன் பக்கம் திரும்பினார்.

"வீட்டுல எடமில்லன்னு சொன்னேன்ல. அது தப்பு."

"பரவால்லப்பா. போதையில இருக்கறவங்க அப்படித்தான் பேசுவாங்க."

ரெங்கசாமிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புத்தான் வந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் பெண் பயந்து வேறு இருக்கைக்கு மாறும் அளவுக்குச் சிரித்தார்.

அடுத்த மாதம் அமுதவள்ளி போன் செய்தார். குரலில் பழைய உற்சாகம்.

"அண்ணே, காப்பார்ல ஒரு அம்மா இருக்காங்களாம். இந்தக் கெத்தும் பழக்கத்த ஒரே ஊதுல எடுத்துடறாங்களாம். சனிக்கெழம வேன் புடிச்சுப் போறோம். உங்களுக்கும் எடம் வச்சிருக்கேன்."

"ஊதறதுக்கு முன்னாடி ஏதாவது குடுக்கறாங்களா?"

"ஒரு பொடி குடுக்கறாங்களாம்."

"என்ன பொடி?"

"அதக் கேக்கக்கூடாதாம்."

"கேக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாங்கள்ல அமுதா, அப்பப் பதிலும் சொல்லிட்டாங்க. நான் வரல. நீயும் போகாத. மிஸ்ஸிகிட்ட வா, நான் கூட்டிப் போறேன்."

அமுதவள்ளி சனிக்கிழமை காப்பாருக்குப் போனார். வேனில் இடமில்லாமல் இரண்டாவது வேன் பிடித்தார்களாம். பொடி இனிப்பாக இருந்ததாம். ஆசீர்வாதம் வாங்க எல்லாரும் வரிசையாகக் குனிந்தார்களாம். அப்படி நீட்டுகிற தலைக்குள்ளே மூளை என்று ஒன்று இருக்கிறது, ஐயா, அம்மா. அதற்கும் வாரத்தில் ஒரு நாளாவது வேலை கொடுத்துப் பாருங்கள். அதனால் யாரும் செத்ததாக எந்தக் கிளினிக்கிலும் எழுதிவைக்கவில்லை.